படை என்று எழுதாமல்

…படை என்று எழுதாமல் வேறு என்னதான் எழுதுவது, நோய் எதிர்ப்பு என்கிற பெயரிலேயே ஒரு சண்டை இருக்கிறது, சண்டை என்றால் எதிரி வேண்டும், எதிரி வந்துவிட்டால் படையைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா, அந்தப் பெயரை நானா வைத்தேன், எனக்கு முன்னால் யாரோ மொத்தமாக இறக்கிவைத்துவிட்டுப் போன சரக்கை எடுத்துச் சில்லறையில் விற்கிறேன், அவ்வளவுதான்… கைபேசியில் கட்டுரை திறந்தபடி கிடக்கிறது, ‘நம் உடலுக்குள் ஒரு’ என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன், ஒரு என்ன, ஒரு என்ன, அதற்கு மேல் நகரமாட்டேன் என்கிறது. பக்கத்து நாற்காலியில் என் அண்ணன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், குளிருக்காக அப்படி வைத்திருக்கிறான் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று. அப்படி நினைப்பதற்கு இங்கே யார் இருக்கிறார்கள், எல்லாரும் அதே கேஸ்தான், இது மூட்டு டாக்டரின் காத்திருப்பு அறை. எதிரில் இருக்கும் அம்மாள் கைப்பையின் ஜிப்பைப் பல்லால் இழுக்கிறாள், மூலையில் இருப்பவர் செய்தித்தாளின் பக்கத்தை முழங்கையால் தள்ளித் திருப்புகிறார், எங்கள் செய்தித்தாள்தான், விளையாட்டுப் பக்கம், என் பக்கத்தைத் தாண்டியே போய்விட்டார். சுவரில் ஒரு கையின் எலும்புப் படம், அதற்குப் பக்கத்தில் டாக்டர் அறையின் கதவு, அந்தக் கதவுக்கு ஓர் உருண்டைப் பித்தளைக் குமிழ், இறுக்கிப் பிடித்துத் திருப்பினால்தான் திறக்கும். விரல் மடங்காதவர்கள் மட்டுமே வந்துபோகிற இடத்தில் உருண்டைக் குமிழ் மாட்டிய மகராசன் யாரோ, நிச்சயம் என்னைப்போல ஒரு கட்டுரையாளனாகத்தான் இருந்திருப்பான், வருகிறவர் யார் என்று பார்க்காமலே அழகாக ஒன்றைச் செய்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

நேற்று அண்ணி போன் செய்தாள். அண்ணி கோபத்தில் இருந்தால் எப்படி இருக்கிறாய் எல்லாம் கிடையாது, நேரே சரக்குக்கு வந்துவிடுவாள். “உங்கண்ணன் மாத்திரையே சாப்பிடல. அட்டை அட்டையா பீரோவுல கர்சீப்புக்கு அடியில அடுக்கி வச்சிருக்கார். ஏன்னு கேட்டா, உன் நாத்தனார் எழுதினதைப் போய்ப் படிங்கறார். நீதான எழுதின, நீயே வந்து கூட்டிட்டுப் போ.” என்ன எழுதிவிட்டேன் நான்… தேடி எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, ‘நமக்குள் ஒரு காவல் படை’ என்று ஒரு தொடர், சளி, காய்ச்சல், தடுப்பூசி என்று வாராவாரம், ஒரு நிபுணர்கூடத் தப்பென்று சொல்லவில்லை, பள்ளிக்கூடங்களில் வெட்டி ஒட்டினார்கள், அண்ணன் கல்லா மேசையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தான், துணி வாங்க வருகிறவர்களிடம் ‘தங்கச்சி எழுதினது’ என்று முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் சுருளை விரிப்பான். அந்தப் படையைத்தான் இப்போது காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். மாத்திரையோடு வந்த தாளில், இது நோய் எதிர்ப்பை அடக்கி வைக்கும் என்று போட்டிருக்கிறது, அண்ணன் படித்துவிட்டான், வியாபாரி, பொடி எழுத்தைப் படிக்காமல் எதையும் வாங்கமாட்டான். அடக்கி வைப்பதா, என் தங்கை அவ்வளவு பெருமையாக எழுதிய படையையா, அதுவும் நான் காசு கொடுத்து வாங்கியா? பேசாமல் கர்சீப்புக்கு அடியில் வைத்துவிட்டான். காலையில் அவன் விரல்கள் மடங்குவதில்லை. முன்பெல்லாம் ஒரு துணிச்சுருளை எடுத்து மேசைமேல் ஓர் உதறு உதறினால் அது தானாக ஓடிப்போய் வாடிக்கையாளர் மடியில் நிற்கும், பாதி வியாபாரம் அந்த உதறலிலேயே முடிந்துவிடும். இப்போது மதியம் வரை, ‘நீங்களே விரிச்சுப் பாருங்க, தொட்டுப் பாத்து வாங்குங்க, எல்லாப் பெரிய கடையிலயும் இப்ப இதான் பழக்கம்’ என்கிறான், அவர்களும் நம்பிப் பெருமையாக விரித்துப் பார்க்கிறார்கள், அவன் சொன்னால் யாரும் நம்புவார்கள், என்னைத் தவிர. இப்படியே விட்டால் விரல் கோணும், கோணிய பிறகு எந்த மாத்திரையாலும் நிமிர்த்த முடியாது என்று டாக்டர் போன தடவையே சொல்லிவிட்டார். கோணிய விரலோடு துணிக்கடைக்காரன்… அதை நினைக்கவேண்டாம், இன்றைக்கு அவனை மாத்திரை விழுங்க வைத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பிறகு.

இந்தக் கட்டுரையும், நோய் எதிர்ப்பே மூட்டைத் தாக்குகிற இதே வியாதியைப் பற்றித்தான், நானே கேட்டு வாங்கினேன், இவனுக்காக. ஓர் ஆய்வகத்தில் ஏதோ ஒரு புரதத்தைத் தடுத்தால் மூட்டு வீக்கம் வடிகிறதாம், யாருக்கு என்றால் எலிக்கு. எங்கள் அலுவலகத்தில் தலைப்பு போடுகிறவரை நாங்கள் தலைப்பு சார் என்றேதான் கூப்பிடுவோம், அவருக்கு எலி ஆகாது. “காலையில காபி குடிக்கிறவன் கையில எலியக் குடுப்பியாம்மா? எடு அதை.” எலியை எடுத்துவிட்டால் மனுஷனுக்குக் குணமானதாக ஆகிவிடுமே சார். “ஆகட்டுமே, குணமானா உனக்கென்ன வயித்தெரிச்சல்?” எலியாகப் பிறந்தவர்களுக்கு இந்த உலகத்தில் தீராத வியாதி என்று ஒன்றுகூடக் கிடையாது, நானே எத்தனை எலிகளைக் குணப்படுத்தி எழுதியிருக்கிறேன்… கடைசியில் பேரம் படிந்தது, எலி தலைப்பில் வரக்கூடாது, நடுப் பத்தியில் சத்தம் போடாமல் உட்கார்ந்துகொள்ளலாம். துணிவெட்டும் மேசைக்கு அடியில் வளர்ந்தவள் நான், இந்த வியாபாரம் எனக்குப் புரியாததா, வாசலில் பொம்மைக்கு மாட்டியிருக்கிற உடுப்புதான் தலைப்பு, அதைப் பார்த்து உள்ளே வருகிறவரிடம் அந்த நிறம் இப்போதுதான் தீர்ந்தது என்று சொல்லி வேறொன்றைத் தலையில் கட்டலாம், எல்லாக் கடையிலும் நடக்கிறது. ஆனாலும் எந்தத் துணிக்கடைக்காரனும் மனுஷ உடுப்பு என்று எழுதிப்போட்டு எலி அளவில் தைத்து விற்கமாட்டான். இன்றைய தலைப்பு இப்போதே தயார், ‘உடலுக்குள் உள்நாட்டுப் போர்: ஓயும் நேரம் வந்தது’. நாளைக் காலையில் அண்ணன் இதைப் படிப்பான், போர்தான் ஓயப்போகிறதே, மாத்திரை எதற்கு என்று கர்சீப்புகளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி அடுக்குவான். அவன் ஒருவன்தானா… அவனைப்போல எத்தனை பீரோக்கள், எத்தனை கர்சீப்புகள், அவர்களுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டுத் திட்ட ஓர் அண்ணி இல்லை.

காலையில் அந்த ஆய்வாளரோடு போனில் பேசினேன், மெதுவாகப் பேசுகிற மனிதர், ஒவ்வொரு சொல்லையும் இறக்கிவைக்கும் முன் தரையைத் துடைத்துவிட்டு வைப்பதுபோல. “உவமை மட்டும் வேண்டாங்க, தயவுசெஞ்சு” என்றார். சரி சார், உவமையே இல்லாமல் நீங்களே சொல்லுங்கள், அப்படியே போட்டுவிடுகிறேன். சொன்னார். செல்லின் மேல் ஏற்பிகள் இருக்கின்றனவாம், தூதுப் புரதம் வந்து அதில் உட்கார்கிறதாம், உள்ளே சமிக்ஞை போகிறதாம், நினைவுச் செல்கள் அதைப் பல வருஷம் ஞாபகம் வைத்துக்கொள்கின்றனவாம். தூது என்கிறீர்களே சார், கையில் ஓலையோடா வருகிறது? உட்கார்கிறது என்கிறீர்கள், நாற்காலி போட்டிருக்கிறதா? ஞாபகம் என்கிறீர்கள், எனக்கு இல்லாத ஞாபகம் என் செல்லுக்கு எப்படி? கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன், அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம், “இதெல்லாம் உவமைங்கறதே மறந்துபோச்சுங்க எங்களுக்கு.” அதேதான் சார், உங்கள் சரக்கு துவைத்துத் துவைத்து வெளுத்துப்போனது, வெளுத்ததைப் பார்த்துவிட்டு இதில் சாயமே இல்லை என்கிறீர்கள், என்னுடையது புதுச் சாயம், தண்ணீர் பட்டால் பக்கத்தில் கிடப்பதிலும் ஏறிக்கொள்கிறது, வித்தியாசம் அவ்வளவுதானே… இதை நான் சொல்லவில்லை, நினைத்துக்கொண்டேன், நிபுணரிடம் ரொம்பப் பேசினால் அடுத்த தடவை போனை எடுக்கமாட்டார். வைக்கும் முன் அவராகவே, “படைன்னு மட்டும் போடாதீங்க. அது சண்டையெல்லாம் போடலைங்க. தொட்டுத் தொட்டுப் பாக்குது, அவ்வளவுதான். பாத்துட்டு விட்டுடுது. சிலதை விடமாட்டேங்குது” என்றார். அதுவும் உவமைதான் சார் என்று சொல்ல வாய் வந்தது, நல்லவேளை, போன் வைக்கப்பட்டுவிட்டது.

படை வேண்டாம் அண்ணா, அதை மறந்துடு என்று ஆரம்பித்தேன், இந்த நாற்காலியில் உட்கார்ந்ததும். கடை வாசல்ல ஒரு காவல்காரன்னு வச்சுக்கோ, நல்ல ஆள்தான், ஆனா வர்ற வாடிக்கையாளரையெல்லாம் திருடன்னு நினைச்சு அடிக்கிறான், அந்த மாதிரிதான் உன் விரல்ல நடக்குது. அண்ணன் யோசித்தான், துணியின் ஓரத்தைப் புரட்டிப் பார்ப்பதுபோல அந்த வாக்கியத்தைப் புரட்டிப் பார்த்தான், “அப்படின்னா ஆளை மாத்துவேன். சம்பளமும் குடுத்துத் தூக்க மாத்திரையும் குடுப்பேனா?” சரி, காவல்காரன் வேண்டாம், அதை எடுத்து மடித்து வைத்தேன், அடுத்ததை விரித்தேன். புகை வந்தாக் கத்துமே, கூரையில மாட்டுற கருவி, அது பால் பொங்கினதுக்கே கத்துதுண்ணா, வீடு முழுக்கத் தண்ணியைப் பீச்சி அடிக்குது, அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறதுதான் இந்த மாத்திரை. “அடக்கி வச்சபிறகு நெஜமாவே பத்திக்கிட்டா?” …அண்ணா, அது வந்து… “என்ன வந்து? துணிக்கடைடீ நம்மளது.” அவன் சொன்னது சரி, மாத்திரை போடுகிறவர்களுக்குத் தொற்று சுலபமாக வரும், அதைக் கவனித்துக்கொள்ளத்தான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், அவன் எதையும் படிக்காமல் என் உவமையை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போய்விட்டான், நான் விற்றது ஒன்று, அதன் மடிப்புக்குள் இருந்தது இன்னொன்று. எதிர் நாற்காலி அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், “ஏம்ப்பா, ரெண்டு பேரும் கடையை வாங்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா?” “இவ விக்கிறாம்மா, நான் வாங்கமாட்டேங்கறேன்” என்றான் அண்ணன். “விலை சொல்லாம விக்கிறாளே, அதான் படியல” என்றாள் அவள், அறையில் நாலைந்து பேர் சிரித்தார்கள், விளையாட்டுப் பக்கத்துக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார். விலை… என்ன விலை சொல்வது, இந்த மாத்திரைக்கு இத்தனை நன்மை, இத்தனை ஆபத்து என்று சொல்லவேண்டும், அதைச் சொல்லத்தான் எனக்கு வருவதில்லை, விரித்துக் காட்டத்தான் வருகிறது.

கடைசியாக ரேடியோவை எடுத்தேன், இனி பெட்டியில் சரக்கு இல்லை. ரேடியோ சத்தம் அதிகமாயிடுச்சுண்ணா, காது வலிக்குது, ரேடியோவை உடைக்கவேண்டாம், நிறுத்தக்கூட வேண்டாம், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறோம், அவ்வளவுதான். இது நல்ல உவமை, இதில் சண்டை இல்லை, திருடன் இல்லை, தீ இல்லை, என்ன சொல்லி இதைத் தள்ளுவான் என்று அவன் முகத்தைப் பார்த்தேன். தள்ளவில்லை. கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், முதல் தடவையாக வெளியே எடுத்தான், கணுக்கள் பளபளவென்று வீங்கியிருந்தன. “எந்த ரேடியோவும் தானா சத்தத்தைக் கூட்டிக்காது” என்றான். குரல் இறங்கிவிட்டது. “யாரோ கூட்டினாங்க. யாரு?” …யார் என்று எனக்கு எப்படித் தெரியும், யாருக்குமே தெரியாதே… “உடம்பு தன்னையே எதிரியா நினைக்குதுன்னு எழுதியிருந்த. எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? என் உடம்புக்கே என்னைப் பிடிக்கல. அப்படி நான் என்னடி பண்ணிட்டேன் அதுக்கு?” எதிர் நாற்காலி அம்மாள் சட்டென்று பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். நான்… அந்த வரி எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதே தொடரில்தான், எழுதி முடித்ததும் நன்றாக வந்திருக்கிறது என்று எழுந்துபோய் ஒரு டீ குடித்தேன். இத்தனை நேரமும் அவன் விலை பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, துணியின் நிறத்தைக் குறை சொல்லிக்கொண்டே நிற்கிற வாடிக்கையாளருக்கு நிறத்தில் அல்ல, வேறெங்கோதான் இடிக்கிறது என்பது கடையில் வளர்ந்த எனக்குத் தெரியவேண்டாமா? காவல்காரனைத் தள்ளினான், கருவியைத் தள்ளினான், எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், படையைக் கேட்டவன் இல்லை இவன், ஏன் தன்மேல் அது பாய்ந்தது என்று கேட்டவன், அந்தக் கேள்வியை அவனுக்குக் கொடுத்ததும் நான்தான், பதிலைக் கொடுக்காமல் கேள்வியை மட்டும் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன்… வாயைத் திறந்தேன், அப்போது நர்ஸ் வந்து கதவைத் திறந்துவிட்டாள், அவன் பெயரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் சின்ன உருவம், அறையும் சின்னது, மேசைமேல் பேனாவையும் ரத்த அழுத்தக் கருவியையும் தவிர எதுவும் இல்லை, ஒரு பூ, ஒரு பொம்மை, ஒன்றுகூடக் கிடையாது. “மாத்திரை போடுறீங்களா?” “போடுறேன் டாக்டர்.” நான் சுவரைப் பார்த்தேன். டாக்டர் அவன் கையை எடுத்து ஒவ்வொரு கணுவாகக் கட்டை விரலால் அழுத்தினார், துணியின் கனம் பார்க்கிறவர்கள் அழுத்துவதுபோல, எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற என் அண்ணன் இன்றைக்குத் துணியாக இருந்தான், வலித்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். “போடல” என்றார் டாக்டர், கோபம் எதுவும் இல்லாமல். அண்ணனுக்கு வியாபாரம் திரும்பிவந்துவிட்டது. “பாதி மாத்திரை போட்டுப் பாக்கட்டுமா?” “இல்ல, முழுசு.” “ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்?” “இல்ல, வாராவாரம்.” “எண்ணெய் கிண்ணெய் தேச்சு…” “தேச்சுக்கோங்க. மாத்திரையும் போடுங்க.” எழுந்து கதவுவரை போகிற பாவனைகூடச் செய்து பார்த்தான், நாற்காலியில் பாதி எழுந்தான், திரும்பக் கூப்பிடுவார் என்று, டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார், ஒரே விலைக் கடை. அவனே உட்கார்ந்துகொண்டான். பிறகு, யாரோ வேறு ஒருவருக்காகக் கேட்பதுபோல, “எனக்கு ஏன் டாக்டர் வந்துச்சு?” டாக்டர் இடத்தில் நானாக இருந்தால் இப்போது ஒன்றை விரித்திருப்பேன். “தெரியாது” என்றார் டாக்டர். பேனாவை மூடி வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். “முழுசா யாருக்கும் தெரியாது. நீங்க பண்ணின தப்பு எதுவும் இல்ல. இந்த மாத்திரை போட்டவங்கள்ல நிறையப் பேருக்கு வீக்கம் குறைஞ்சிருக்கு, சிலருக்குக் குறையல. உங்களுக்கு எப்படின்னு போட்டாத்தான் தெரியும். போடாம விட்டா என்ன ஆகும்ங்கறது மட்டும் நல்லாத் தெரியும்.” வாரத்தில் ஒரே ஒரு நாள்தான், தினமும் போட்டால் ஆபத்து, ரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிடவேண்டும், நீங்களாக எதையும் நிறுத்தக்கூடாது… காய்ச்சல் என்றதும் அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான், துணிக்கடைன்னு சொன்னேன்ல என்று அந்தப் பார்வை. நான் தெரியாது என்று எழுதினால் தலைப்பு சார் என்ன சொல்வார், தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கேட்டு எழுதும்மா என்பார், இந்த டாக்டர் அம்மா அந்தச் சொல்லை எவ்வளவு சாதாரணமாக மேசைமேல் வைத்தார், கூச்சமே இல்லாமல், வேறு கலரும் காட்டாமல்…

வெளியே வந்து, மாத்திரையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு, மருந்துக் கடைக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். தெரு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, ஒருவன் சைக்கிளில் வாளிகளை அடுக்கிக்கொண்டு போனான், அண்ணன் அண்ணியைக் கூப்பிட்டான், போனைப் பிடிக்கமுடியாததால் பெஞ்சிலேயே வைத்து ஸ்பீக்கரில் போட்டான், தெருவுக்கே கேட்டது. “என்ன சொன்னாங்க?” என்றாள் அண்ணி. “ஒண்ணுமில்ல. உள்ள ஒரு தையல்காரன் இருக்கான்.” நான் நிமிர்ந்தேன். “யாரு இருக்கா?” “தையல்காரன்டீ. உடம்புக்குள்ள. கிழிஞ்சதைத் தைக்கிறவன், ரொம்ப நல்லவன், வேலைன்னா உசுரு. சும்மா உக்காரத் தெரியாது அவனுக்கு. கிழியாததையும் தச்சுக்கிட்டே இருக்கான், தச்சது மேலயே தைக்கிறான், விரல் கணுவெல்லாம் தடிச்சுப்போச்சு. அவனை வாரத்துல ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பணும். அதுக்குத்தான் மாத்திரை.” அண்ணி யோசிப்பது ஸ்பீக்கரில் கேட்டது. “நம்ம கடைக்கு எதிர்ல இருக்கானே, அந்த மாதிரியா?” “அவன் எங்க, கிழிஞ்சதையே தைக்கமாட்டான்.” “தினமும் ஒண்ணு போட்டா சீக்கிரம் சரியாயிடாதா?” “தினமும் வீட்டுக்கு அனுப்பிட்டா நெஜமாக் கிழிஞ்சா யாருடீ தைக்கிறது?” இதை எங்கே பிடித்தான்… டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை, ஆய்வாளர் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், மாத்திரை அப்படி ஒரு நாள் லீவு கொடுத்தெல்லாம் வேலை செய்வதில்லை. ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது, தினமும் போடக்கூடாது என்பது புரிந்துவிட்டது, காய்ச்சல் வந்தால் ஏன் பயப்படவேண்டும் என்பதுகூட அதற்குள் இருக்கிறது, என் நாலு உவமையிலும் சேர்த்து இவ்வளவு இல்லை. அதைவிட, அதில் யாரும் யாரையும் தாக்கவில்லை. திருடிவிடலாமா… கைபேசியில் தையல்காரர் என்று எழுதியே விட்டேன், எழுதிவிட்டுப் பார்த்தால், எங்கோ விரல் வீங்கிய ஒரு தையல்காரர் நாளைக்கு இதைப் படிக்கிறார், என் தொழில்தான் காரணம் என்று போட்டுவிட்டாளே என்று ஊசியைக் கீழே வைக்கிறார். அழித்தேன். இது அண்ணனின் அளவுக்கு அண்ணன் வெட்டியது, இன்னொருவர் தோளில் போட்டால் எங்கே பிடிக்கும் என்று யார் கண்டது.

மாத்திரை அட்டையை எடுத்தான். பின்பக்கத்து வெள்ளித் தாளைக் கிழிக்க விரல் வரவில்லை, கை நீட்டினேன், வேண்டாம் என்று தோளைத் திருப்பிக்கொண்டான், உள்ளங்கையால் பெஞ்சின் விளிம்பில் வைத்து அழுத்தினான், மாத்திரை துள்ளி மடியில் விழுந்தது, விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தான். அவ்வளவுதான். காலையிலிருந்து நான் எதற்காக இத்தனை கடை விரித்தேனோ அது என்னைக் கேட்காமலே நடந்து முடிந்துவிட்டது. பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு, “அவன் திருந்தினதும் நிறுத்திடலாம்ல?” என்றான். யார்? “தையல்காரன்.” …இதோ, இருக்கிறது, இதன் மடிப்புக்குள்ளும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, வலி நின்றதும் தையல்காரன் திருந்திவிட்டான் என்று நிறுத்துவான், நிறுத்தினால் வீக்கம் திரும்பிவரும், என்ன சொல்வது இப்போது, உன் உவமை தப்பு என்றால் மாத்திரையும் தப்பாகிவிடும், டாக்டர் சொன்னாரே என்றால் டாக்டர் இங்கே இல்லை… “அவன் திருந்தற ஆள் இல்லண்ணா” என்றேன். “நல்லவன்தான். ஆனா திருந்தமாட்டான். நிறுத்தறதா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு நிறுத்து.” அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்தான், ஓரத்தைப் பார்த்தான், உள்பக்கத்தைப் பார்த்தான், சிரித்தான். “அப்ப என்னை மாதிரிதான்னு சொல்லு. என் உடம்புல இருக்கறவன் பின்ன எப்படி இருப்பான்.” எழுந்து, அரைக்கால் சட்டைப் பையன் மாதிரி பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு, கடையைத் திறக்க நேரமாச்சு என்று முன்னால் நடந்தான்.

கைபேசி அதிர்ந்தது, தலைப்பு சார், பக்கம் காத்திருக்கிறதாம். அனுப்பவேண்டும், எதையாவது எழுதி அனுப்பவேண்டும், அதற்கு முன் ஒன்று தெரிந்தால் நன்றாக இருக்கும், எதைக் கேட்டு அவன் அந்த மாத்திரையை விழுங்கினான்… டாக்டரின் தெரியாதா, தப்பு எதுவும் இல்லை என்றாரே அதுவா, தையல்காரனா, கோணிவிடும் என்ற பயமா, இல்லை, தங்கை ஒரு காலைப்பொழுது பூராவும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பேரத்திலும் தோற்றாளே, அந்தத் திருப்தியா? கேட்கலாம், பத்தடி முன்னால்தான் போகிறான், கேட்டால் என்ன சொல்வான், நான் சந்தோஷப்படுகிற மாதிரி ஏதாவது சொல்வான், வியாபாரி. திருந்தமாட்டான் என்று சொன்னேனே, அதை எனக்கு யார் சொன்னார்கள்? டாக்டர் சொல்லவில்லை. ஆய்வாளர் சொல்லவில்லை. சில பேருக்கு வருஷக்கணக்கில் அடங்கி இருக்குமாம், சில பேருக்கு மாத்திரையைக் குறைக்கிறார்களாம், எங்கோ படித்திருக்கிறேன், எந்த வகையில் இவன் சேர்த்தி என்று எனக்கு எப்படித் தெரியும்… நானாகத்தான் சொன்னேன். வாயில் வந்தது, கேட்க நன்றாக இருந்தது, அவன் சிரித்தான், சிரித்த கையோடு நம்பிவிட்டான்.